டபுள் மீனிங், அடல்ட் காமெடி, உருவக்கேலி: தமிழ்ப் படச் சிரிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே எந்த மாதிரிக் காமெடியைப் பற்றிப் பேச்சு?

படுக்கையறைச் சமாச்சாரத்தை மறைத்துச் சொல்லும் டபுள் மீனிங், அதையே மறைக்காமல் சொல்லும் அடல்ட் காமெடி, வயிற்றுப்போக்கு கழிப்பறை வகையறா, அப்புறம் குண்டு, கறுப்பு, வழுக்கை, திக்குவாய் என்று ஒரு ஆளின் உடம்பையே ஜோக்காக்குவது. முதல் மூன்றையும் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள்கூட நான்காவதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளாத 'ஜாலி'க் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். என் புகார் முக்கால்வாசி அந்த நான்காவது மேல்தான்.

அந்தக் காலத்தில் எல்லாம் சுத்தம், இப்போதுதான் கெட்டுப்போச்சு என்கிறார்களே?

எந்தக் காலம் என்று கேட்டால் பதில் வராது. காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் சிலேடையாகப் பாடியதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அவர் பெயரில் தனிப்பாடல் திரட்டுகளில் இருக்கும் மற்ற சில பாட்டுகளை எந்த வாத்தியாரும் வகுப்பில் சொல்ல மாட்டார். பள்ளு இலக்கியத்தில் பள்ளனின் இரண்டு மனைவிகளான மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் போடும் சக்களத்திச் சண்டையில், ஒருத்தி மற்றவளின் சாமியைக்கூட விடாமல் இழுத்துவைத்துத் திட்டுவாள். தாசி வீட்டுச் சமாச்சாரம் பேசும் விறலிவிடு தூது வகையறாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவுக்கு முன்னால் நின்றுகொண்டே ராஜாவைக் கேலி செய்வான். நடுநடுவே பச்சையாகவும் பேசுவான். விடிய விடிய உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைத் தூங்கவிடாமல் வைத்திருப்பதும் அவன் வேலையில் பாதி. நாட்டுப்புறத்தில் வழங்கிய பாலியல் கதைகளைக் கி. ராஜநாராயணன் தேடிச் சேகரித்து 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று தலைப்புப் போட்டே புத்தகமாக்கினார். ஊரில் கிழவர்களும் கிழவிகளும் சொல்லிக்கொண்டிருந்த கதைகள்தான் அவை. சினிமா புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

சினிமாவிலேயே 1983-இல் வந்த 'முந்தானை முடிச்சு' இருக்கிறது. பாக்யராஜ், ஊர்வசி, முருங்கைக்காய். அந்தப் படத்துக்குப் பிறகு காய்கறிக் கடையில் முருங்கைக்காய் வாங்கும் புது மாப்பிள்ளையை யாராவது ஒருத்தர் பார்த்துச் சிரிக்காமல் விட்டதில்லை. ஒரு சாம்பார்க் காய்க்கு நாற்பது வருடமாக இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முருங்கைக்காய்க் காமெடியைக் குடும்பம் குடும்பமாகப் பார்த்தார்கள். இப்போது வரும் படங்களுக்கு மட்டும் ஏன் கூச்சம்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

நம் ஊர்களில் பச்சைக் கேலிக்கு ஒரு முறை உண்டு. மாமன் மச்சான், அத்தான் கொழுந்தியாள், மதினி கொழுந்தன் என்று கேலி செய்யும் முறை உள்ளவர்கள் எதை வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். நலுங்கு வைக்கும்போது மாப்பிள்ளையைச் சுற்றி நிற்கும் மதினிமார்கள் பேசுவதைப் பதிவு செய்து தணிக்கைக் குழுவுக்கு அனுப்பினால் ஏ சான்றிதழ்கூடக் கிடைக்காது. ஆனால் அதே மதினி, மாமனார் தலையைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாயை மூடிக்கொள்வாள். அண்ணன் தங்கைக்கு நடுவில் அந்தப் பேச்சு கிடையாது. அப்பா மகளுக்கு நடுவில் கிடையவே கிடையாது. நடவு வயலில் பெண்கள் தங்களுக்குள் பேசிச் சிரிப்பது வரப்பில் ஆம்பிளை ஆள் வந்தால் நின்றுபோகும். யாரிடம், எந்த நேரத்தில், யார் காதில் விழாமல் என்பதெல்லாம் சொல்லித்தராமலே எல்லோருக்கும் தெரியும்.

தியேட்டரில் இந்த முறை எதுவும் கிடையாது. அப்பா, மகள், மருமகன், பக்கத்து வீட்டுக்காரர், முன்பின் தெரியாத ஆட்கள் எல்லோரும் ஒரே இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். திரையில் வரும் ஜோக் எல்லோர் காதிலும் ஒரே நேரத்தில் விழுகிறது. ஜோக் புரிந்ததைவிட, புரிந்தது பக்கத்து சீட்டில் இருக்கிறவருக்குத் தெரிந்துவிட்டதுதான் சங்கடம். மகள் சிரித்தாளா என்று அப்பா திரும்பிப் பார்க்க முடியாது, திரும்பாமலும் இருக்க முடியாது.

முருங்கைக்காய் எப்படித் தப்பித்தது? அந்தக் கதையில் அவர்கள் புருஷன் பெண்டாட்டி. மனைவியை நெருங்க மறுக்கும் புருஷனுக்கு அவள் முருங்கைக்காயாகச் சமைத்துப் போடுகிறாள். அவளுக்கு யோசனை சொல்லவும் ஊர்ப் பெண்கள் இருக்கிறார்கள். அதாவது கதைக்குள்ளேயே முறை இருந்தது. பெண்ணுக்கு ஒரு ஆசை இருக்கிறது, அதை அவள் தந்திரமாகச் சாதிக்கப் பார்க்கிறாள் என்பதால் கொட்டகையில் பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். இன்றைய படங்களில் பெரும்பாலும் நாலு பையன்கள், ஒரு அறை, அந்த வழியாக நடந்துபோகும் ஒரு பெண். அவளுக்கு வசனம்கூட இருக்காது. யாருக்கு யார் என்ன முறை?

அடல்ட் காமெடி என்று சொல்லிக்கொண்டே படம் எடுக்க ஆரம்பித்தது எப்போது?

வெளிப்படையாக அறிவித்து, ஏ சான்றிதழையே விளம்பரமாக்கி வந்ததில் பெரிதாகப் பேசப்பட்டது 2015 செப்டம்பரில் வந்த 'த்ரிஷா இல்லனா நயன்தாரா'. ஜி.வி. பிரகாஷ் நாயகன், ஆதிக் ரவிச்சந்திரன் இயக்கம். 2017 செப்டம்பரில் சந்தோஷ் பி. ஜெயக்குமாரின் 'ஹரஹர மஹாதேவகி', 2018 மே மாதம் அவருடைய 'இருட்டு அறையில் முரட்டு குத்து'. இரண்டாவதில் பேயையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் பேய்ப் படம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, ஆகவே இரண்டு மசாலாவும் ஒரே சட்டியில். அது தெலுங்குக்கும் போனது.

2020-இல் 'இரண்டாம் குத்து' டீசரும் போஸ்டரும் வந்தபோது இயக்குநர் பாரதிராஜா கண்டித்து அறிக்கை விட்டார். படத்தின் இயக்குநரோ பாரதிராஜாவின் 1981-ஆம் வருடத்து 'டிக் டிக் டிக்' படத்திலிருந்து நீச்சலுடைப் படம் ஒன்றைப் போட்டு, அப்போது கண் கூசவில்லையா என்கிற மாதிரிக் கேட்டார். பிறகு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். மன்னிப்பு மரியாதைக்குச் சரி. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் இன்னும் பாக்கி. கேமராக் கோணத்தில் மூத்தவர்கள் செய்ததைத்தான் இளையவர்கள் வசனத்தில் செய்கிறார்கள்.

கொரோனா அடைப்புக்குப் பிறகு நவம்பரில் தியேட்டர் திறந்ததும் வந்த தீபாவளிப் படங்களில் 'இரண்டாம் குத்து'ம் ஒன்று. அதோடு அந்த அலை ஓரளவு அடங்கிவிட்டது. ஆதிக் ரவிச்சந்திரன் பிறகு 'மார்க் ஆண்டனி', அஜித்தை வைத்து 'குட் பேட் அக்லி' என்று பெரிய கமர்ஷியல் படங்களுக்குப் போய்விட்டார். சின்ன பட்ஜெட்டில் கவனம் ஈர்க்க ஒரு குறுக்கு வழியாக இந்த வகை பயன்பட்டது என்று நினைக்கிறேன். பெயர் கிடைத்ததும் பாதை மாறிவிடுகிறது.

சொல்ல வந்ததை நேராகச் சொல்லாமல் ஏன் டபுள் மீனிங்? நம் ஆட்களுக்குக் கூச்சமா?

கூச்சம் பாதி, கணக்கு பாதி.

தமிழ்நாட்டில் சினிமா டிக்கெட்டுக்குக் கேளிக்கை வரி இருந்தது. தமிழில் பெயர் வைத்தால் வரிவிலக்கு என்று 2006-இல் அறிவித்தார்கள். அதற்காகவே அவசரமாகப் பெயர் மாற்றிய படங்கள் நினைவிருக்கும். 2011-இல் ஆட்சி மாறியதும் பெயர் மட்டும் போதாது, எல்லா வயதினரும் பார்க்கலாம் என்கிற யு சான்றிதழும் வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். அன்றிலிருந்து எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் யு என்ற ஒற்றை எழுத்துக்குக் கையில் பிடிக்கும் விலை வந்துவிட்டது. பிள்ளைகள் பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்கிற யுஏ கிடைத்தாலே வரிவிலக்கு போச்சு.

அடுத்தது டிவி. ஏ சான்றிதழ் வாங்கிய படத்தை அப்படியே டிவியில் போட முடியாது. வெட்டி, ஒலியை அடக்கி, யு அல்லது யுஏ என்று மறுபடி சான்றிதழ் வாங்கினால்தான் ஒளிபரப்பலாம். டிவி உரிமையை நம்பி வட்டிக்குக் கடன் வாங்கிப் படம் எடுக்கிறவருக்கு ஏ என்பது பெரிய பள்ளம்.

இப்போது வசனம் எழுதுகிறவர் இடத்தில் இருந்து பாருங்கள். பச்சையாகவும் இருக்க வேண்டும், யு-வும் வேண்டும். அப்படியானால் பம்ப் செட், பூட்டு சாவி, மாவாட்டுவது, தண்ணீர் வராத குழாய், ரிப்பேரான வண்டி என்று வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் அந்த வேலைக்கு இழுக்க வேண்டியதுதான். எழுத்தில் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. நடிகர் நிறுத்துகிற இடத்திலும், எதிரில் இருப்பவர் கண்ணை உருட்டுவதிலும், பின்னணியில் வரும் ஒரு 'டொய்ங்' சத்தத்திலும்தான் இரண்டாவது அர்த்தம் இருக்கும். அந்த டொய்ங்கை எடுத்துவிட்டால் பாதி ஜோக் செத்துப்போகும்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் இந்த யு-வரிவிலக்குக் கணக்கு முடிவுக்கு வந்தது. அடுத்த வருடங்களில் ஏ சான்றிதழ் காமெடிகள் துணிச்சலாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், 2015-இல் வரி கட்டியும் ஒரு படம் வந்து ஓடியிருக்கிறதே.

தணிக்கைக் குழு இதையெல்லாம் எப்படி விடுகிறது? விதி இல்லையா?

விதி தெளிவாகவே இருக்கிறது. 1991 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், கீழ்த்தரமான உணர்ச்சிக்குத் தீனி போடும் இரட்டை அர்த்தச் சொற்களை அனுமதிக்கக் கூடாது என்று தனியாக ஒரு வரியே உண்டு. ஆனாலும் டபுள் மீனிங்தான் சுலபமாகத் தப்பிக்கிறது.

முதல் சுற்றில் படம் பார்ப்பது ஒரு அதிகாரியும் ஆலோசனைக் குழு உறுப்பினர்கள் நால்வரும். அதில் பெண்களும் இருப்பார்கள். படம் முடிந்ததும் தயாரிப்பாளர் தரப்போடு பேச்சு. இந்த வசனத்தை எடுங்கள் என்று சொன்னால், "ஏன் சார், குழாயில தண்ணி வரலன்னுதானே சொல்றார்?" என்று பதில் வரும். ஆட்சேபிப்பவர் அந்த இரண்டாவது அர்த்தத்தைத் தன் வாயால் விளக்கியாக வேண்டும். முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? கெட்ட வார்த்தையில் இந்தச் சிக்கல் இல்லை. கேட்டதும் பேனா எடுத்து 'ம்யூட்' என்று எழுதிவிடலாம்.

அந்த ம்யூட் இன்னொரு கூத்து. சத்தத்தை மட்டும்தான் எடுப்பார்கள், உதடு அசைவது அப்படியே இருக்கும். சனிக்கிழமை ராத்திரிக் காட்சியில் அந்த அரை விநாடி மௌனம் வரும்போது கவனித்துப் பாருங்கள். பின்வரிசையிலிருந்து இரண்டு பேர் அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொல்லி இடத்தை நிரப்புவார்கள். நடிகர் சொல்லியிருந்தால் வராத சிரிப்பு அதற்கு வரும்.

சான்றிதழ் கொடுத்த பிறகும் விஷயம் கோர்ட்டுக்குப் போனதுண்டு. எஸ்.ஜே. சூர்யாவின் 'நியூ' 2004-இல் ஏ சான்றிதழோடு வந்து ஓடி முடிந்த பிறகு, 2005-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் சான்றிதழையே ரத்து செய்தது.

யுஏ 13+, யுஏ 16+ என்று இப்போது போடுகிறார்களே, அது என்ன?

2023-இல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி, பழைய யுஏ-வை 7, 13, 16 என்று மூன்று வயதாகப் பிரித்தார்கள். அந்த வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் கூட்டிப்போவதா என்று பெற்றோர் முடிவு செய்யலாம். ஏ மட்டும் வேறு: 18 வயது ஆகாதவரை அம்மா அப்பா கூடப் போனாலும் உள்ளே விடக் கூடாது. டிக்கெட் கிழிப்பவர் இதையெல்லாம் பார்க்கிறாரா என்பது தியேட்டருக்குத் தியேட்டர் வேறுபடும்.

கவுண்டமணி செந்தில் காமெடியும் இதே மாதிரிதானே? அதை ஏன் எல்லோரும் கொண்டாடுகிறோம்?

'கரகாட்டக்காரன்' வாழைப்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1989-இல் வந்தது, இன்னும் சிரிக்கிறோம். ஒரு ரூபாய்க்கு இரண்டு பழம் வாங்கிவரச் சொன்னார் கவுண்டமணி. வழியில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு வருகிறார் செந்தில். இன்னொன்று எங்கே என்று கேட்டால், கையில் இருப்பதுதான் அந்த இன்னொன்று என்கிறார். வாழைப்பழத்தை வைத்து ஆபாசமாக எதுவும் இல்லை, இன்றைக்கு எழுதுகிற ஆள் அப்படி விட்டிருப்பாரா என்பது சந்தேகம். செந்திலின் பிடிவாதமான தர்க்கம் மட்டும்தான் அங்கே சிரிப்பு. கடைசி வரை அவர் தோற்பதே இல்லை.

அதே ஜோடியின் வேறு பல காட்சிகளில் மிருகப் பெயர், தலை, நிறம், பல் என்று செந்தில் உடம்பில் கவுண்டமணி விடாத பாகம் இல்லை. மிதியும் உண்டு. அவற்றில் ஒரு பகுதி இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வர மறுக்கிறது. ஒன்று மட்டும் அவர்களுக்குச் சாதகமாகச் சொல்வேன். கவுண்டமணி செய்யும் கேலி முதலாளி, அரசியல்வாதி, ஜோசியர், ஏன், படத்தின் நாயகன் வரை மேலே பார்த்தும் போகும். அடி வாங்கும் செந்திலும் பெரும்பாலும் அவரை முட்டாளாக்கிவிட்டுத்தான் போவார். பிறகு வந்தவர்கள் அந்தத் திட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். திட்டு வாங்குகிறவனுக்குத் திருப்பிப் பேச வாய் கொடுக்கவில்லை.

வடிவேலு கணக்கு வேறு. 'வின்னர்' கைப்புள்ளயானாலும் 'ஃப்ரெண்ட்ஸ்' நேசமணியானாலும் ஜோக் அவர் மேலேயே விழுகிறது. வீறாப்பாகக் கோடு போடுவதும் அவர்தான், அந்தக் கோட்டைத் தாண்டி வருகிறவனிடம் அடி வாங்குவதும் அவர்தான். நேசமணி தலையில் சுத்தியல் விழுந்ததற்கு 2019-இல் ட்விட்டரில் உலகமே பிரார்த்தனை செய்ததை நினைத்துப் பாருங்கள். பதினெட்டு வருடம் பழைய காட்சி அது.

உருவக்கேலி ஆபாசமா? அதில் கெட்ட வார்த்தையே இல்லையே?

இல்லைதான். அதனால்தான் யு சான்றிதழோடு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லா வீட்டு ஹாலுக்கும் வந்துவிடுகிறது.

மாப்பிள்ளை காத்திருக்கிறான், பெண் வருகிறாள் என்று பாட்டு போடுவார்கள். கதவு திறந்தால் குண்டான, கறுப்பான ஒரு பெண் நிற்பாள். இசை கீறல் விழுந்த மாதிரி நின்றுபோகும், நாயகனின் நண்பன் மயங்கி விழுவான். அவள் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வந்து நின்றதே ஜோக். அதே நிறம், அதே உடம்புவாகு உள்ள ஒரு பெண் அந்த ஹாலில் அண்ணன் தம்பிகளோடு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள், மறுநாள் வகுப்பில் அந்தப் பாத்திரத்தின் பெயரே அவளுக்குப் பட்டப்பெயராகும். டபுள் மீனிங் ஜோக்கால் எனக்குத் தெரிந்து யாருக்கும் பட்டப்பெயர் வந்ததில்லை.

மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்யும் காட்சி கூடாது என்று அதே 1991 நெறிகளில் இருக்கிறது. ஆனாலும் திக்குவாய், காது மந்தம், மாலைக்கண் ஆகியவை நம் காமெடியன்களுக்கு நிரந்தர வருமானமாக இருந்தன. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு இந்திப் படம் தொடர்பான வழக்கில் இதைப் பற்றி விரிவாகப் பேசியது. குறைபாட்டைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, குறைபாடு உள்ளவரை மட்டம் தட்டும் நகைச்சுவை வேறு என்று பிரித்துக் காட்டி, அவர்களைத் திரையில் காட்டுவதற்குச் சில வழிகாட்டுதல்களையும் சொன்னது.

திருநங்கைகளைக் காட்டிய விதம் இன்னும் மோசம். பஸ் ஸ்டாண்டு, கைத்தட்டு, நாயகன் பயந்து ஓடுவது என்று ஒரே காட்சியைப் பல படங்களில் திருப்பித் திருப்பி எடுத்தார்கள். மூன்றாம் பாலினத்தவர் உரிமையை 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது. ஒரு வருடம்கூட ஆகாத நிலையில் 2015 பொங்கலுக்கு ஷங்கரின் 'ஐ' வந்தது. அதில் திருநங்கைப் பாத்திரத்தைக் கேலிப்பொருளாக்கியதை எதிர்த்துச் சென்னையில் திருநங்கைகள் போராட்டம் நடத்தினார்கள். அதன் பிறகு எழுதுகிறவர்களிடம் கொஞ்சம் தயக்கம் வந்திருக்கிறது. தயக்கம்தான், பெரிய மாற்றம் என்று சொல்ல மாட்டேன்.

பச்சைக் காமெடி பெண்களுக்குப் பிடிக்காது என்பது உண்மையா?

நலுங்கு வீட்டுக்குப் போய்விட்டு வந்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள். அவர்களைப் பற்றிய ஜோக்கைக் கேட்டுச் சிரிக்கத்தான் பிடிக்காது. தமிழ் சினிமாவில் பச்சை ஜோக்கைப் பெண் சொல்லி ஆண் அசடு வழியும் காட்சி எத்தனை இருக்கிறது என்று எண்ணினால் விரல் மிஞ்சும். கோவை சரளா மாதிரி ஒரு ஆள் கையில் இருந்தும், பெரும்பாலும் புருஷனை விளக்குமாற்றால் அடிக்கத்தான் அவரைப் பயன்படுத்தினார்கள்.

கழிப்பறை ஜோக்கில் தரம் என்று ஒன்று உண்டா?

உண்டு. 2011-இல் வந்த 'டெல்லி பெல்லி'யில் பரிசோதனைக்குப் போக வேண்டிய மலமும், கடத்தல்காரனுக்குப் போக வேண்டிய வைரமும் பொட்டலம் மாறிப்போகும். கடத்தல்காரன் ஆவலாகப் பிரித்துக் கவிழ்க்கும் இடம் வரை அருவருப்பும் பதற்றமும் சேர்ந்தே ஏறிக்கொண்டு போகும். அந்த அருவருப்பை எடுத்துவிட்டால் கதையே கிடையாது. வயிற்றுப்போக்கு அங்கே கதையை ஓட்டும் இன்ஜின்.

அதைத்தான் தமிழில் ஆர்யா, சந்தானம், பிரேம்ஜியை வைத்து 2013-இல் 'சேட்டை' என்று எடுத்தார்கள். மூலத்தில் இருந்த கெட்ட வார்த்தைகளைக் கழுவிவிட்டு, வயிற்றுப்போக்கை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மூலத்தில் அந்த மூன்று பேரும் பேசும் கொச்சைதான் அவர்களுடைய அழுக்கு வீடு, வாடகை பாக்கி, தண்ணீர் வராத குழாய் எல்லாவற்றோடும் பொருந்தியிருந்தது. பேச்சைச் சலவை செய்ததும் சத்தம் மட்டும் மிச்சமாகிவிட்டது.

கதைக்குத் தேவையே இல்லாமல், சிரிப்பு வராத காட்சியின் கடைசியில் ஒரு 'டர்' சத்தத்தை ஒட்டுவது ரொம்பச் சாதாரணம். வசனகர்த்தா கைவிட்டதை சவுண்டு என்ஜினியர் காப்பாற்றுகிறார், அவ்வளவுதான்.

ஹாலிவுட்டில் இதைவிடக் கேவலமாக எடுக்கிறார்களே, அவர்களை யாரும் கேட்பதில்லையே?

அங்கேயும் திட்டு உண்டு. ஆனால் அமெரிக்காவில் படத்துக்குத் தரம் பிரிப்பது அரசு இல்லை, திரைத்துறையே 1968-இல் ஏற்படுத்திக்கொண்ட அமைப்பு. ஆர் தரம் வாங்கினால் 17 வயது ஆகாதவர் பெரியவர் துணையோடு போகலாம். ஆகவே ஆர் என்றால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம் இங்கே ஏ-க்கு இருக்கும் அளவுக்கு இல்லை. 'அமெரிக்கன் பை' காலத்திலிருந்து ஆர் தரக் காமெடிகள் பெரிய வசூல் பார்த்ததற்கு அதுவும் காரணம். நேராகவே பேசலாம் என்பதால் குழாயையும் பம்ப் செட்டையும் தேடி அலைய வேண்டியதில்லை.

டீசரிலேயே அவ்வளவு இருக்கிறதே, அதற்குச் சான்றிதழ் வேண்டாமா?

தியேட்டரில் போடும் டிரெய்லருக்கு வேண்டும். யூடியூப்பில் ஏற்றுவதற்கு வேண்டாம். அதனால் படத்தில் இருக்கப்போவதைவிட டீசரில் காரம் தூக்கலாக இருக்கும். பல நேரம் டீசரில் பார்த்த வசனம் படத்தில் ம்யூட் ஆகியிருக்கும், ஏமாந்து டிக்கெட் எடுத்த பையன்கள் திட்டிக்கொண்டே வெளியே வருவார்கள்.

ஓடிடி வந்த பிறகு எல்லாம் மாறிவிட்டதா?

கெட்ட வார்த்தை சகஜமாகிவிட்டது, டபுள் மீனிங் குறைந்துவிட்டது. மறைக்கத் தேவையில்லாத இடத்தில் மறைப்பவன் யார்? ஓடிடிக்குத் தணிக்கைக் குழு கிடையாது. 2021-இல் வந்த விதிகளின்படி அவர்களே வயது போட்டுக்கொள்கிறார்கள். இன்னொரு மாற்றத்தையும் கவனிக்கலாம். போனில், காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு தனியாகப் பார்ப்பதால் பக்கத்து சீட்டு மாமனார் பிரச்சினை தீர்ந்துவிட்டது. ஆனால் கூடிச் சிரிக்கும் சுகமும் போய்விட்டது. இந்த வகை ஜோக்குக்குப் பாதி பலமே கூட்டம்தான்.

குடும்பத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று வந்துவிட்டால் என்ன செய்வது?

ரிமோட்டைத் தேடிப் பாயாதீர்கள். பாய்ந்தால்தான் அந்த வசனத்தில் ஏதோ இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும். தண்ணீர் குடிக்க எழுந்துபோவது அப்பாக்களின் பழைய உத்தி, இன்னும் வேலை செய்கிறது. "அது என்னப்பா அர்த்தம்?" என்று கேள்வி வந்தால், பெரியவர்கள் ஜோக், அவ்வளவு நன்றாகவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அடுத்த காட்சியில் யாரையாவது 'பன்னி' என்றும் 'கரிச்சட்டி' என்றும் கூப்பிட்டால், அங்கே எழுந்துபோகாமல் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசுங்கள். பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் திருப்பிச் சொல்லப்போவது அதைத்தான்.

புகார் கொடுக்க வேண்டுமென்றால் யாரிடம் கொடுப்பது?

டிவியில் வந்ததென்றால் முதலில் அந்தச் சேனலுக்கே எழுத வேண்டும். அவர்கள் 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் சேனல்கள் சேர்ந்து வைத்திருக்கும் சுய ஒழுங்கு அமைப்புக்கும், அதற்கு மேல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் போகலாம். ஓடிடிக்கும் இதே மூன்று படிதான். ஒவ்வொரு தளமும் குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் தளத்தில் போட்டிருக்க வேண்டும். எழுதும்போது நிகழ்ச்சியின் பெயர், தேதி, நேரம், அந்த வசனம் எல்லாவற்றையும் குறிப்பிடுங்கள். ஆமாம், வசனத்தையும் எழுதத்தான் வேண்டும். 'ஆபாசமாக இருந்தது' என்று மட்டும் எழுதினால், எங்கே ஆபாசம், குழாயில் தண்ணீர் வரவில்லை என்றுதானே சொன்னார் என்று அங்கிருந்தும் பதில் வரும்.